ப்ஷெமிஷலில் நான்கு மணி நேர வரலாற்று நடை: 120 ஸ்லோட்டிக்குக் கிடைத்தது

அலுவலகத்தில் எனக்கு இடப்பக்கம் உட்காருபவர் போலந்துக்காரர், வலப்பக்கம் உக்ரைனியப் பெண். இருவரும் நல்ல நண்பர்கள். ஜூலை 11 நெருங்கினால் மட்டும் பேச்சு குறைந்துவிடும். நான்கு வருடமாகப் பார்க்கிறேன். இருவரிடமும் கேட்க மனம் வராமல்தான், போலந்தில் உக்ரைன் எல்லையருகே இருக்கும் ப்ஷெமிஷல் ஊரில் ஒரு சிறு நிறுவனம் நடத்தும் போலந்து–உக்ரைன் வரலாற்று நடைக்குப் பதிவு செய்தேன். நான்கு மணி நேரம், தலைக்கு 120 ஸ்லோட்டி (போலந்து நாணயம்), நாங்கள் ஏழு பேர்.

கிராகுவிலிருந்து காலை ரயிலில் போனால் வசதி. நடை ரயில் நிலையத்திலேயே தொடங்குகிறது. 2022-இல் போர் மூண்டபோது உக்ரைனிலிருந்து ஓடிவந்த தாய்மார்களும் குழந்தைகளும் இறங்கிய நிலையம் இது. ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் வாழும் ஊர், வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அதைச் சொல்லிவிட்டு, "இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்" என்றார்.

மற்றதைச் சந்தைச் சதுக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னார். 1943 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மானியர் பிடியிலிருந்த வொலினியாவில் (இன்று உக்ரைனின் வடமேற்குப் பகுதி) உக்ரைன் கிளர்ச்சிப் படை என்ற தேசியவாத ஆயுதக் குழுவினர் பல பத்துப் போலந்துக் கிராமங்களை ஒரே நாளில் தாக்கினார்கள். தேவாலயத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்களும் தப்பவில்லை. வொலினியாவையும் அதன் தெற்கே இருந்த கிழக்குக் கலீசியாவையும் சேர்த்தால், கொல்லப்பட்ட போலந்துக்காரர்கள் ஒரு லட்சம் வரை என்று கணிக்கிறார்கள். போலந்துப் படைகளின் பதிலடியில் உக்ரைனியர் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்: 1944 மார்ச்சில் சஹ்ரின், 1945 மார்ச்சில் பாவ்வொகோமா. பிறகு 1947-இல் 'விஸ்துலா நடவடிக்கை'. சுமார் 1,40,000 உக்ரைனியர்களையும் லெம்கோக்கள் என்ற மலைவாழ் மக்களையும் தென்கிழக்கிலிருந்து பெயர்த்து நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தது அன்றைய கம்யூனிஸ்ட் அரசு.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரப்பும் வைத்திருக்கும் பெயரை அவர் சொன்னார். போலந்தில் 'வொலினியாப் படுகொலை'. 2016-இல் போலந்து நாடாளுமன்றம் அதை இன அழிப்பு என்றே தீர்மானம் போட்டது. உக்ரைனில் 'வொலின் சோகம்'. இரண்டையும் ஒரே குரலில் உச்சரித்தார், ஆனால் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் சமமாக்கிக் காட்டவில்லை. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. நடுநிலை என்ற பெயரில் எல்லாவற்றையும் மழுப்பிவிடும் வழிகாட்டிகளை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

இந்த நடையின் உயிர் மேட்டுத்தெருவில் இருக்கிறது. கர்மேல் சபைத் தேவாலயத்துக்கு எதிரே எங்களை நிறுத்தி, பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார். அஞ்சலட்டை அளவு, ஓரங்கள் தேய்ந்திருந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, படத்தில் உள்ள சுவர் நிஜச் சுவரோடு பொருந்தும் வரை நகர்த்தச் சொன்னார். பொருந்தியதும் மேலே பார்த்தேன். படத்தில் பெரிய உருண்டைக் குவிமாடம். நிஜ வானத்தில் மெல்லிய கோபுரம்.

1784-இல், அப்போது இந்த ஊரை ஆண்ட ஆஸ்திரிய அரசு கர்மேல் துறவிகளை வெளியேற்றிவிட்டு அந்தக் கோயிலைக் கிரேக்கக் கத்தோலிக்கர்களுக்கு (கீழைத் திருச்சபை முறையில் வழிபட்டாலும் திருத்தந்தையை ஏற்பவர்கள்), அதாவது உக்ரைனியர்களுக்குக் கொடுத்தது. 1946 வரை அது அவர்களுடைய பேராலயம். அந்த ஆண்டு ஆயரைக் கைது செய்து சோவியத் நாட்டிடம் ஒப்படைத்தார்கள். மறு ஆண்டே அவர் சிறையில் இறந்தார். 1991-இல் கோயிலைச் சில காலத்துக்காவது திருப்பித் தரலாம் என்று பேச்சு வந்தபோது, உள்ளூர்ப் போலந்துக்காரர்கள் உள்ளே போய் உட்கார்ந்து மறித்துவிட்டார்கள். தன் நாட்டு மக்களே இப்படி நின்றதும், போலந்துக்காரரான திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பக்கத்திலிருந்த வேறொரு தேவாலயத்தை உக்ரைனியர்களுக்கு அளித்தார். குவிமாடம் 1996-இல் இடிக்கப்பட்டது. அது கீழைத்தேயத்துச் சாயல், ஊருக்கு ஒட்டாது என்ற வாதம் அப்போது பலமாக ஒலித்ததாம்.

புகைப்படத்தை நான் திருப்பிக் கொடுக்கச் சற்று நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை.

சான் ஆற்றுப் பாலத்தருகே, 1918-இல் தொடங்கிய போரில் உக்ரைனியர்களோடு சண்டையிட்டு மடிந்த போலந்து இளைஞர்களுக்கான 'கழுகுக்குஞ்சுகள்' நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே ஐந்து நிமிடம்தான் நின்றோம். போதவில்லை.

கடைசி இடம் ஊரின் தென்புறத்துப் பிகுலித்சே கல்லறைத் தோட்டம். முதல் உலகப் போருக்குப் பின் போலந்து முகாமில் அடைக்கப்பட்டு நோயில் இறந்த உக்ரைனியப் படைவீரர்கள் அங்கே கிடக்கிறார்கள். பின்னாளில் கிளர்ச்சிப் படையினர் சிலரின் எச்சங்களையும் கொண்டுவந்து புதைத்தார்கள், வம்பு அதனால்தான். 2016 ஜூனில் அங்கே ஊர்வலமாகப் போன உக்ரைனியர்களைப் போலந்துத் தேசியவாதிகள் வழிமறித்துத் தாக்கினார்கள்.

எங்கள் குழுவில் வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து வந்த ஒரு பெரியவர், வாயிலிலேயே நின்றுவிட்டார். "நான் உள்ளே வரவில்லை, பானி (அம்மணி). என் அம்மாவின் அண்ணன் வொலினியாவில் எந்த வயலில் கிடக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். தோண்டி எடுக்கத்தான் விடவில்லை."

வழிகாட்டி வாதாடவில்லை. போலந்தில் ஹ்ருஷோவித்சே என்ற ஊரில் கிளர்ச்சிப் படை நினைவுச்சின்னத்தை 2017-இல் இடித்ததும் உக்ரைன் அகழ்வுகளை நிறுத்திவைத்ததை எங்களுக்கு விளக்கினார். பிறகு அவரைப் பார்த்து, 2025 வசந்தத்தில் உக்ரைனில் உள்ள புஜ்னிகி கிராமத்தில் மீண்டும் தோண்டத் தொடங்கியதையும், அங்கே கிடைத்த 42 பேரின் எச்சங்களைச் செப்டம்பரில் அடக்கம் செய்ததையும் சொன்னார். "மனு போட்டிருக்கிறீர்களா? படிவத்தை நான் அனுப்புகிறேன்" என்று கேட்டுப் பெரியவரின் முகவரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பெரியவர் உள்ளே வரவில்லை. ஆனால் நாங்கள் திரும்பி வரும்வரை எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. பிகுலித்சேவுக்கு வேன் என்று பதிவு செய்தபோது எழுதியிருந்தது. வரவில்லை, எங்களை நடக்க வைத்தார்கள். எழுபது வயதுக்காரர் இருக்கும் குழுவுக்கு அது நியாயமில்லை. காதில் மாட்டிக்கொள்ளும் கருவிகளில் இரண்டு பாதியிலேயே பேட்டரி தீர்ந்து போயின. கையேடுதான் என்னை மிகவும் வருத்தியது. 1943-க்கு இரண்டு முழுப் பக்கம், 1947-க்கு ஒரே வரி, அதிலும் 'இடமாற்றம்' என்ற ஒற்றைச் சொல். வழிகாட்டி வாயால் கட்டிக்காத்ததை அச்சிட்ட தாள் கெடுத்துவிடுகிறது. நிறுவனத்துக்கு எழுதினேன்; அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பதில் வந்திருக்கிறது. வேன் பணத்தில் தலைக்கு 20 ஸ்லோட்டியைத் திருப்பியும் கொடுத்தார்கள்.

போக நினைப்பவர்கள் காலை நடையையே எடுங்கள். மேட்டுத்தெருவில் குவிமாடப் படத்தைப் பிடித்துப் பார்க்க அந்த வெளிச்சம் வேண்டும். மேட்டுத்தெரு செங்குத்து, நல்ல செருப்பு அவசியம். செப்டம்பருக்கு மூன்று இடம் மறுபடி பதிந்திருக்கிறேன். இடப்பக்கத்து நண்பர் உடனே சரி என்றுவிட்டார். வலப்பக்கத்துத் தோழி, பிகுலித்சே உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன்.