சேலத்தில் லைட்ஹவுஸ் டூருக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

48,500 ரூபாய். குடும்பத்தோடு ஆறு பேர் போய் வந்த டூருக்கு நாங்கள் கட்டிய பணம். திரும்பி வந்த துணிகளைக்கூட இன்னும் துவைக்கவில்லை, அதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் "போனால் போகட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன். பணம் வாங்கிய அந்த ட்ராவல்ஸ் ஆளுக்கு வேண்டியதே அதுதான்.

புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு ட்ராவல்ஸ். பெயர் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், அதனால் போடவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குக் கலங்கரை விளக்கம் என்றால் உயிர். சேலத்துப் பிள்ளைக்குக் கடலே அதிசயம். இவனுக்கோ கடலைவிட அதன் கரையில் நிற்கும் விளக்குதான் பெரிது. ஒருமுறையாவது மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். அந்த ட்ராவல்ஸ் 'கடற்கரை லைட்ஹவுஸ் ஸ்பெஷல்' என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். பாண்டிச்சேரி, மகாபலிபுரம், சென்னை மெரினா, மூன்று பகல், இரண்டு இரவு.

நான் நம்பிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அத்தைக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது, அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டேன். அந்த ஆள் யோசிக்கவே இல்லை. "என்னக்கா இப்படிச் சொல்றீங்க? மெரினா லைட்ஹவுஸ்ல லிப்ட் இருக்குதுங்க. அம்மாவை நானே உள்ள ஏத்தி விடச் சொல்றேன். மூணுலயும் ஏறலாம்க்கா, தைரியமா வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் லிப்ட் விஷயம் உண்மைதான். 1977-ல் கட்டிய கோபுரம் அது. பாதுகாப்புக் காரணத்தால் பல வருடம் மூடி வைத்திருந்து, 2013-ல்தான் மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். லிப்டோடு கட்டிய லைட்ஹவுஸ் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று அன்று ராத்திரியே ஜிபேயில் மொத்தப் பணத்தையும் அனுப்பினோம். "மூணுலயும் ஏறலாம்" என்பதை வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பியிருந்தார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை விடியற்காலை வர வேண்டிய வண்டி வெயில் ஏறிய பிறகு வந்தது. ஆத்தூர் தாண்டும் முன்பே ஏசி நின்றுபோனது. சரி, போகட்டும். பாண்டிச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். 1836-ல் விளக்கேற்றிய பழைய கோபுரம் அங்கே இருக்கிறது. கதவு பூட்டியிருந்தது. "இதுல ஏற விடமாட்டாங்க சார், வெளிய நின்னு போட்டோதான்" என்று டிரைவர் சாதாரணமாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்தது, பணம் வாங்கியவருக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. மகாபலிபுரத்துக்குக் காலையிலேயே போய்விடலாம் என்றார்கள். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு சொந்த வேலையாக எங்கோ போய்விட்டு மதியம்தான் வந்தார். வழியில் ஒரு சங்கு, சிப்பிக் கடையில் நிறுத்தி, "கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆளையே காணோம். மகாபலிபுரம் போய்ச் சேரும்போது டிக்கெட் கவுன்டர் மூடியாகிவிட்டது. பாறை மேல் நூறு வருடத்துக்கு மேலாக நிற்கும் கருங்கல் கோபுரம். பக்கத்திலேயே மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பல்லவர் காலத்து ஓலக்கண்ணேசுவரர் கோயில். புதுக் கோபுரம் கட்டும்வரை அந்தக் கோயில் தலையிலேயே விளக்கு வைத்துக் கப்பல்களுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் என் மகன்தான் தன் பாட்டிக்குக் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தான். ஏறியிருக்க வேண்டிய பிள்ளை.

திங்கட்கிழமை மெரினா. கேட் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்று போர்டு தொங்குகிறது, புது போர்டும் இல்லை. அத்தை வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பட்டியலில் இருந்த ஹைகோர்ட்டுக்கும் கூட்டிப் போனார்கள். 1894-லிருந்து மெரினா கோபுரம் வரும்வரை அந்தக் கட்டடத்தின் குவிமாடத்தில்தான் சென்னையின் விளக்கு எரிந்தது. கோர்ட் நடக்கும் நாளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்களா? ரோட்டிலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்க, "அதோ தெரியுது பாருங்க" என்று கை காட்டினார் டிரைவர். பட்டியலில் அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டார்கள்.

48,500 ரூபாய் கொடுத்து ஒரு படிகூட ஏறவில்லை.

அங்கிருந்தே போன் செய்தேன். "கவர்ன்மென்ட்ல திடீர்னு லீவு விட்டுட்டாங்கக்கா" என்றார். போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. சேலம் வந்ததும் நேரில் போனோம். முதலில் ஓனர் ஏற்காட்டில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம், "லைட்ஹவுஸ் பார்க்கறதுன்னுதானே நோட்டீஸ்ல இருக்குது, ஏறுறதுன்னு எங்க இருக்குது?" என்று என்னையே கேட்கிறார்கள். வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். பேசிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்! "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க" என்கிறார். கடைசியில், அடுத்த டூரில் ஆளுக்கு ஐந்நூறு குறைத்துத் தருகிறார்களாம். இன்னொரு முறை இவர்கள் வண்டியில் ஏறுவோம் என்று நினைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். எந்த நாளில் எந்த இடம், உள்ளே போய் ஏறுவதா, வெளியே நின்று பார்ப்பதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். திங்கட்கிழமையில் மெரினா லைட்ஹவுஸ் போட்டிருந்தால் அந்தத் திட்டமே பொய். மகாபலிபுரத்தை மதியத்துக்கு மேல் தள்ள விடாதீர்கள். வாய்ஸ் மெசேஜ், ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியாகிவிட்டது. அதில் நடக்கவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. 48,500 ரூபாயையும் வாங்காமல் நான் விடப்போவதில்லை. இதே ஆளிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.