கொட்டகையா, புல்வெளியா, மரத்தடியா? பூங்காவில் குழந்தையின் பிறந்தநாள்

பூங்காவில் பிறந்தநாள் கொண்டாடலாம் என்று முடிவு செய்ததும் மூன்று வழிகள் முன்னால் நிற்கும். கூரையும் மேசை பெஞ்சும் உள்ள கொட்டகையைப் பணம் கட்டிப் பதிவு செய்வது ஒன்று. புல்வெளியில் ஒரு பகுதியை மட்டும் அனுமதி வாங்கி எடுத்துக்கொள்வது இன்னொன்று. எதையும் பதிவு செய்யாமல் காலையிலேயே போய், நல்ல மரத்தடியாகப் பார்த்துப் பாய் விரிப்பது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். எது மலிவு என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். எந்த வழியில் அம்மாவும் அப்பாவும் அன்றைக்குக் குழந்தையோடு இருக்க முடிகிறது என்று கேட்டால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

முதலில் கொட்டகை. காசு கொடுத்து வாங்குவது கூரையை என்று தோன்றும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது நிச்சயம்தான். இந்த நாள், இந்த நேரம், இந்த இடம் என்று அழைப்பிதழில் தைரியமாக எழுதலாம். வயதானவர்கள் உட்கார பெஞ்சு இருக்கும், கேக்கை வைக்க மேசை இருக்கும். ஆனால் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: பதிவு கொட்டகைக்கு மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் அன்றும் எல்லோருக்கும் பொது. குழந்தைகளோ வந்த ஐந்தாவது நிமிடம் அங்கேதான் ஓடுவார்கள். ஆக, கொட்டகை பெரியவர்களுக்கு, விளையாட்டுத் திடல் குழந்தைகளுக்கு என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அதனால் கொட்டகையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அங்கே உட்கார்ந்தால் திடல் முழுதாகக் கண்ணில் படுகிறதா என்பது. நடுவில் புதர் மறைத்தால் யாராவது ஒருவர் விழா முடியும்வரை காவல் நிற்க வேண்டும், பெரும்பாலும் அது அம்மாதான். அடுத்து கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். நான்கு வயதுக் குழந்தை அவசரம் என்றால் அது நிஜமான அவசரம். பக்கத்தில் குளம் இருந்தால் வேறு கொட்டகை தேடுவேன். இதையெல்லாம் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விழா நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பதிவு நேரத்தைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். பல இடங்களில் தோரணம் கட்டுவதும் குப்பை அள்ளுவதும் அதே நேரத்துக்குள் அடக்கம். நான்கு மணி நேரம் எடுத்தால் விழாவுக்கு இரண்டரை மணி நேரம்தான் மிஞ்சும். டெபாசிட் வாங்கியிருந்தால் இடத்தைச் சுத்தமாக விட்ட பிறகுதான் திரும்ப வரும்.

புல்வெளியின் அழகே வேறு. ஓடிப்பிடிக்கவும் பந்து விளையாடவும் அதற்கு ஈடில்லை. சிக்கல் நிழலில் இருக்கிறது. என் மகளின் பிறந்தநாள் ஒன்றுக்குக் காலை ஒன்பது மணிக்கு அருமையான நிழலில் பாய் விரித்தோம். பதினொன்றரைக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது எல்லோரும் வெயிலில் நின்றோம். காலையில் மரத்துக்கு மேற்கே நீண்டு கிடக்கும் நிழல், உச்சி நெருங்க நெருங்கச் சுருங்கி, பிற்பகலில் கிழக்குப் பக்கம் போய்விடும். கேக் வெட்டும் நேரத்தில் நிழல் எங்கே விழும் என்று பார்த்து இடம் பிடிக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

கூடாரம் போடலாமே என்றால், பல பூங்காக்களில் தரையில் முளை அடிக்க விடமாட்டார்கள். அடியில் தண்ணீர்க் குழாய் ஓடும். கால்களில் எடை கட்டித்தான் நிறுத்த வேண்டும். காற்றடைத்த குதிக்கும் மெத்தை வேண்டுமென்றால் தனி அனுமதி, காப்பீடு, ஜெனரேட்டர் என்று வேலை நீளும். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதை இறக்கிவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சின்னக் குழந்தைகளுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். பலூனும் அப்படித்தான். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. துணித் தோரணம் போதும்.

பதிவே இல்லாத மரத்தடியைப் பலர் குறைவாக மதிப்பிடுகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளலாம், நஷ்டம் எதுவும் இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை, வருவது ஏழெட்டுக் குழந்தைகள்தான் என்றால் என் தேர்வு இதுதான். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் கூடினால் அனுமதி கட்டாயம் என்ற விதி பல பூங்காக்களில் உண்டு, அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் இடம் பிடிக்க ஒருவர் விடியற்காலையிலேயே போய் உட்கார வேண்டியிருக்கும். அவர் விழா தொடங்கும்போதே களைத்துப்போயிருப்பார்.

மழை என்று வந்தால் கொட்டகைதான் மேல் என்று நினைப்போம். தூறலுக்குச் சரி. இடி கேட்டால் சுவர் இல்லாத கொட்டகையும் மரத்தடியும் பாதுகாப்பில் ஒன்றுதான், இரண்டிலும் நிற்கக்கூடாது. சுவருள்ள கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். சாப்பாட்டுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கெட்டுப்போகக்கூடிய உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

நான்கிலிருந்து ஏழு வயதுக்கும், பதினைந்து குழந்தைகளுக்கு மேல் வரும் விழாவுக்கும் யோசிக்காமல் கொட்டகையை எடுங்கள். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் புல்வெளிதான். அவர்களுக்கு ஓட இடம் வேண்டும், பெஞ்சு வேண்டாம்.

அப்புறம், அனுமதிச் சீட்டை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒருமுறை நாங்கள் பதிவு செய்த கொட்டகையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. சீட்டைக் காட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து இடம் கொடுத்தார்கள். கேக் வெட்டும்போது அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் என் மகளே போய்க் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.