லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆறு டியூப்களை மேசையில் பரப்பி வைத்து, "எந்த வரிசையில ரத்தம் எடுப்பீங்க? அடுக்கி வைங்கம்மா" என்றார் அந்த லேப் மேற்பார்வையாளர். இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படித்து, முதல் வகுப்பில் தேறி, சான்றிதழோடு வேலைக்கு வந்திருந்த நான், ஊதா மூடி டியூப்பை எடுத்து முதலில் வைத்தேன். எங்கள் வகுப்பில் எப்போதும் கைக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அவர் எதுவும் பேசாமல் அதை எடுத்து ஐந்தாவது இடத்துக்கு நகர்த்தினார்.

பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வெளிர்நீல மூடி முதலில், அடுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை, அதற்கப்புறம்தான் ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா டியூப்பில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற பொட்டாசியம் உப்பு இருக்கிறது. அதை முதலில் எடுத்தால், ஊசி வழியாக ஒரு துளி அடுத்த டியூப்புக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் நோயாளியின் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், கால்சியம் பொய்யாக இறங்கும். அந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? அவர் இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. வேலை கிடைக்காததைவிட, இது தெரியாமலே நான் யாருக்காவது ரத்தம் எடுத்திருப்பேன் என்ற நினைப்புதான் அன்று ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை.

நான் படித்த கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே மாதிரிக் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. பெயரை வைத்து இல்லாமல் அவர்கள் பேசும் விதத்தை வைத்து நீங்கள் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் மருத்துவத் துறைப் படிப்பு, பொதுக்கல்வி, வேலைப் பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில் என்று போட்டிருந்தது. என் நம்பரைக் கொடுத்ததுதான் தாமதம், ஒரே வாரத்தில் பதினோரு முறை போன் வந்துவிட்டது. அட்மிஷன் கவுன்சிலர் என்று ஒரு பெண் மிகவும் பரிவாகப் பேசினார். என் அப்பாவின் உடல்நிலை வரைக்கும் விசாரித்தார். "நாலு சீட்தான் பாக்கி, நாளைக்குள்ள முடிவு பண்ணிடுங்க" என்றார். முதல் நாள் வகுப்பில் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு பேர். அதற்கப்புறமும் மூன்று வாரம் புதிதாக ஆள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

அவர் மூன்று வாக்குக் கொடுத்தார். கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு. இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் வாங்கும் கிரெடிட்டை, அதாவது படிப்புப் புள்ளியை வைத்து எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டப்படிப்பைத் தொடரலாம். பத்தில் ஒன்பது பேருக்கு வேலை உறுதி. மூன்றையும் வாயால்தான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதில் இருந்தது, முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் கட்டிய பணம் திரும்பாது என்ற வரி மட்டும்.

முதல் இரண்டு செமஸ்டரில் பெரும்பாலும் பொதுப் பாடங்கள். ஆங்கிலம், உளவியல், கணிதம், கணினி. அவை வீண் என்று சொல்ல மாட்டேன். உளவியல் எடுத்த ஆசிரியர் அருமையாக நடத்துவார், அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் மூன்றாம் செமஸ்டர் வந்த பிறகும் லேப் வெறிச்சோடித்தான் கிடந்தது. மைக்ரோஸ்கோப் மொத்தம் மூன்று. அதில் ஒன்றில் நூறு மடங்கு லென்ஸுக்கு வைக்க வேண்டிய எண்ணெயே இல்லை. ஊசி போட்டுப் பழக ஒரே ஒரு ரப்பர் கை. எத்தனை வருடக் குத்துகளோ, உள்ளே ரத்தக் குழாய் இருக்கும் இடத்தில் தோல் சல்லடையாகிக் கிடந்தது. ஊசியைப் பக்கத்தில் கொண்டு போனாலே பழைய ஓட்டையில் தானாக வழுக்கி இறங்கும், சிவப்புச் சாயத் தண்ணீர் முழங்கை வரை ஒழுகும். "பாருங்க, எவ்வளவு சுலபம்" என்பார் பயிற்றுநர். உயிருள்ள கையில் ரத்தக் குழாயைத் தடவிக் கண்டுபிடிப்பது, இறுக்குப் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் அவிழ்ப்பது இதெல்லாம் அங்கே பேச்சிலேயே வரவில்லை.

இன்டர்ன்ஷிப் பெரிய மருத்துவமனையில் என்று சொல்லியிருந்தார்கள். அனுப்பியது ஒரு சாம்பிள் சேகரிப்பு மையத்துக்கு. ஆறு வாரமும் டியூப்பில் பார்கோடு ஒட்டினோம். அதற்கே எங்களிடம் 'பயிற்சிக் கட்டணம்' தனியாக வாங்கினார்கள்.

வேலையும் கிடைக்காமல் போன பிறகு, சரி, பட்டப்படிப்பாவது முடிப்போம் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் பட்டியலோடு போனேன். அலுவலகத்தில் இருந்தவர் பெயரைப் பார்த்ததுமே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கிரெடிட்கூடச் செல்லாது. கிரெடிட் செல்லுமா செல்லாதா என்று முடிவு செய்வது அதை வாங்கிக்கொள்ளும் பல்கலைக்கழகம். கொடுக்கும் கல்லூரி ஆயிரம் சொல்லலாம், அந்த முடிவு அதன் கையில் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால், சேரும் முன்பே அந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போயிருப்பேன்.

அங்கீகாரம் என்பதும் இப்படித்தான். கல்லூரிச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களைப் பிறகு போட்டோ எடுத்து வந்து ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஒன்று நிறுவனப் பதிவு, எந்தக் கடைக்கும் கிடைப்பது. இன்னொன்று ஐஎஸ்ஓ 9001, நிர்வாக நடைமுறைக்குக் கொடுப்பது, பாடத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவது மட்டும் உண்மையிலேயே கல்வி அங்கீகாரம். ஆனால் அது கல்லூரிக்கு, நான் படித்த படிப்புக்கு இல்லை. மருத்துவத் துறையில் படிப்புக்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுத, அந்தந்த மாநில நர்சிங் வாரியம் ஏற்கும் படிப்பை முடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் லேப் விஞ்ஞானிகள் போன்ற சுகாதாரப் பணியாளர்களைப் பதிவு செய்யும் எச்சிபிசி என்ற அமைப்பு, தான் ஒப்புதல் கொடுத்த படிப்புகளின் பட்டியலை இணையத்திலேயே வைத்திருக்கிறது. இந்தியாவில் நர்சிங்குக்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி நர்சிங் கவுன்சில் இருக்கிறது. லேப் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கு 2021இல் தனிச் சட்டம் வந்தது. எங்கே இருந்தாலும் இப்படி ஒரு இடம் இருக்கும். அங்கே கேட்பதற்குப் பத்து நிமிடம் போதும்.

வேலைவாய்ப்பு சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். எங்கள் செட்டில் ஒருத்தி மருந்துக்கடையில் பில் போடுகிறாள், அவளையும் 'துறையில் வேலை பெற்றவர்' கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இது எங்கள் கல்லூரியின் தனித் திறமை என்று நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 2015இல் அமெரிக்கக் கல்வித்துறை, கொரிந்தியன் குழுமத்தின் ஹீல்ட் கல்லூரிக்கு இதே மாதிரிப் பொய்க் கணக்குக்காகச் சுமார் 3 கோடி டாலர் அபராதம் போட்டிருக்கிறது. படிக்க வருவதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்த வேலையைக்கூட அங்கே கணக்கில் சேர்த்திருந்தார்களாம். அந்த மாதமே குழுமம் மிச்சமிருந்த கல்லூரிகளை இழுத்து மூடிவிட்டது. சுமார் 16,000 மாணவர்கள் பாதிப் படிப்போடு தெருவில் நின்றார்கள். அதனால் சதவீதம் வேண்டாம். போன வருடம் முடித்தவர்களில் ஐந்து பேரின் நம்பரைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனை லேபில் போய், "இந்தக் கல்லூரியில படிச்சவங்களை எடுப்பீங்களா?" என்றும் நேராகக் கேட்கலாம். நான் கேட்டிருந்தால் அவர்கள் அன்றே சொல்லியிருப்பார்கள்.

புகார் கொடுத்தேன். கவுன்சிலர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அவர் சொன்னதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் என்று கேட்டார்கள், என்னிடம் இல்லை. நீங்கள் இப்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால், போனில் சொன்ன ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் பாடத்திட்டம், ரசீது, வருகைப் பதிவு எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள்.

நான் இப்போது ஒரு மருத்துவமனை லேபோடு இணைந்த படிப்பில் முதலிலிருந்து சேர்ந்திருக்கிறேன். ஒப்புதல் பட்டியலில் அதன் பெயரை என் கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.

போன வாரம் பழைய கல்லூரி ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, மூணாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்றாங்க, கட்டட்டுமா?" கட்டாதே, முதலில் படிப்பின் முழுப் பெயரைப் போட்டுத் தேர்வு வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பு என்றேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது, எனக்கும் அனுப்பி வைத்தாள். ஒரே வரி: நீங்கள் குறிப்பிட்ட படிப்பு எங்கள் பட்டியலில் இல்லை.