டெஸ்ட் ரிக் அனுபவம்: எஞ்சின் தங்கம், அந்த ஒரு டிகிரிதான் சவம்

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் இருக்கும் நண்பர் கேட்டது: "அண்ணே, கம்ப்யூட்டரோடு வரும் இந்த சிங்கிள் சிலிண்டர் டீசல் எஞ்சின் டெஸ்ட் ரிக்கை நம்பி வாங்கலாமா?" இங்கே எங்க ரிக்கில் என்கோடர் (கிராங்க் கோணத்தை அளக்கும் கருவி) மாற்றி முடித்த கையோடு கேட்டதால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். 87.5 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 17.5 கம்ப்ரெஷன், 1500 ஆர்பிஎம்மில் 5.2 கிலோவாட், எஞ்சினுக்கு லோடு கொடுக்க எடி கரண்ட் டைனமோமீட்டர். இதெல்லாம் கேட்டலாக்கிலேயே இருக்கு, விடுங்க.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். லோடை அளக்கும் லோடு செல் சொக்கத் தங்கம். டைனமோமீட்டரின் 185 மி.மீ. கையில் எடைக்கல் தொங்கவிட்டுப் பார்த்தால் இன்றைக்கும் சரியாகக் காட்டுது. 18 கிலோ லோடு என்றால் 32.7 நியூட்டன் மீட்டர், 1500-இல் 5.13 கிலோவாட், கணக்கும் திரையும் ஒத்துப்போகும். முழு லோடில் 10 சிசி டீசல் தீர 23 செகண்ட் அக்கம்பக்கம் ஆகணும். ரொம்ப விலகினால் லைனில் காற்று புகுந்திருக்கு, மென்பொருளைத் திட்ட வேண்டாம்.

திட்ட வேண்டிய இடம் டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி. சிலிண்டர் அழுத்தத்தையும் கன அளவையும் இணைப்பது கிராங்க் கோணம்தான். அதில் ஒரு டிகிரி பிசகினால் ஐஎம்இபி (சிலிண்டருக்குள் கிடைக்கும் வேலையைக் காட்டும் சராசரி அழுத்தம்) 5 முதல் 10 சதவீதம் வரை தப்பாகும். இந்த ரிக்கில் என்கோடர் 1 டிகிரிக்கு ஒரு பல்ஸ்தான் தருது. போதாக்குறைக்கு, மென்பொருளில் டிடிசி ஆஃப்செட் கட்டம் முழு எண்ணை மட்டும்தான் வாங்கும். 0.6 என்று அடித்தால் சத்தமில்லாமல் 1 ஆக்கிவிடும். எச்சரிக்கைகூட கிடையாது!

என்கோடரை ஷாஃப்டோடு பிணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ இன்னொரு தலைவலி. சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் அது மெல்ல இளகும். ஸ்க்ரூ லாக் பசை போட்டே முறுக்குங்க. முறுக்கியதும் ஷாஃப்டுக்கும் கப்ளிங்குக்கும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்க. கோடு விலகியிருந்தால் அன்றைய ரீடிங் குப்பைக்கு.

டிடிசியை உச்சியில் வைத்துத் தேடாதீங்க. உச்சியிலிருந்து ஒரு டிகிரி திருப்பினால் பிஸ்டன் இறங்குவது வெறும் 0.01 மி.மீ., டயல் கேஜில் ஒரே கோடு. இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டயல் கேஜின் கம்பியை இறக்குங்க. உச்சிக்குக் கீழே 4 மி.மீ. வரும் இடத்தை ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றுமாக ஃப்ளைவீலில் குறிங்க. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் டிடிசி. 20 டிகிரி தள்ளிப் போனால் ஒரு டிகிரிக்கு 0.4 மி.மீ. நகர்வு கிடைக்கும், கண்ணுக்கே தெரியும். ஃப்ளைவீலை ஓடும் திசையில் மட்டும் சுற்றணும். பின்னால் திருப்பினால் பேரிங் இடைவெளி ஏமாற்றிவிடும்.

அதன்பிறகு எஞ்சினைச் சூடாக்கி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லிவரை இழுத்து, எரியாத இரண்டாவது மூன்றாவது சைக்கிளைப் பதிவு பண்ணுங்க. எடி கரண்ட் டைனமோமீட்டர் லோடு மட்டும்தான் தரும், எஞ்சினைத் தானே சுழற்றாது, அதனால் இந்தக் குறுக்குவழிதான். அழுத்த உச்சம் டிடிசிக்கு அரை முதல் ஒரு டிகிரி முன்னால் வரணும். சிலிண்டர் சுவரில் போகும் வெப்பமும் ரிங் வழியாகக் கசிவதும் காரணம். எங்களுக்கு முதலில் உச்சம் டிடிசியைத் தாண்டி விழுந்தது, அழுத்தத்தையும் கன அளவையும் வைத்து வரையும் பி-வி வளையமும் பாசிட்டிவ். அதாவது டீசல் இல்லாமலே எஞ்சின் உழைக்குதாம்! இப்போதெல்லாம் கச்சாத் தரவை சிஎஸ்வியாக எடுத்து, விரிதாளில் இடைமதிப்புப் போட்டு 0.4 டிகிரி நகர்த்திக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் செய்ய வேண்டிய வேலை.

மாடலிங் செய்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய பொறி. எரிபொருள் எரியும் வேகத்தைச் சொல்லும் விபே சமன்பாட்டை வைத்து, சிலிண்டர் முழுவதையும் ஒரே வாயுவாக எடுக்கும் ஒற்றை மண்டல மாடல் எழுதுவாங்க. அளந்த கோட்டோடு ஒட்டவில்லை என்றதும் கம்ப்ரெஷனை 17.5-இலிருந்து 16.8 ஆக்குவாங்க, வோஷ்னி சூத்திரம் தரும் சுவர் வெப்ப இழப்பைக் கொஞ்சம் கூட்டுவாங்க. படம் அழகாக ஒட்டும். ஒட்டியது என்கோடர் பிழையோடு.

குலசேகரம் பக்கத்து ரப்பர் விதை எண்ணெயில் செய்த பயோடீசலை டீசலோடு கலந்து சோதிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். பற்றும் தாமதத்தில் (எரிபொருள் உள்ளே பாய்ந்து பற்றிக்கொள்ளும் வரையான இடைவெளி) டீசலோடு ஒப்பிட்டுத் தேடுகிற வித்தியாசமே ஒரு டிகிரி அளவில்தான். டீசலை திங்களும் கலவையை வியாழனும் ஓட்டி, நடுவில் கப்ளிங் நழுவியிருந்தால் கண்டுபிடிப்பு எண்ணெயுடையது இல்லை, ஸ்க்ரூவுடையது. ஒரே நாளில் ஓட்டுங்க. கலோரி மதிப்பையும் அடர்த்தியையும் மாற்ற மறக்காதீங்க, மென்பொருள் டீசல் எண்களையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டம் இது. சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் பீசோ சென்சாரின் கேபிள் முனையில் ஈரம் ஏறினால் அழுத்தக் கோடு மெல்லச் சரியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்த்தி, மூடி போட்டு வையுங்க. பின்னை விரலால் தொடவே கூடாது.

எஞ்சின், டைனமோமீட்டர், லோடு செல் மூன்றுக்கும் பத்துக்கு ஒன்பது தரலாம். வாங்கலாமா என்றால், இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன். எப்படியும் வாங்குவீங்க, தெரியும். டெலிவரி அன்று பில்லில் கையெழுத்துப் போடும் முன், அவங்க ஆளையே ஸ்டாப் லிவரை இழுத்து அந்த வளையத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்க. பாசிட்டிவ் என்றால் பேனாவை மூடிடுங்க.