மனுவா, ஊர்வலமா?

வெளியுறவுக் கொள்கையைத் திருப்ப மக்களுக்கு இரண்டு வழி உண்டு: பாதிக்கப்பட்டவர்கள் மனு கொடுப்பது, ஊரே தெருவுக்கு வருவது. செட்டிநாட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும்.

முதல் வழிக்குச் சாட்சி பர்மா. 1930-களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டிநாட்டின் வட்டித்தொழில் சமூகமான நகரத்தார் கையில் இருந்தது. 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. டெல்லிக்கு மனுக்கள் போயின. ஆனால் நேருவும் பர்மா பிரதமர் ஊ நூவும் நண்பர்கள், பர்மா புதிதாக விடுதலை பெற்ற நாடு. வட்டிக்குக் கொடுத்தவர்களுக்காக வீதியில் இறங்க யார் இருக்கிறார்கள்? 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் மிச்சமும் போயிற்று. காரைக்குடி வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களும், விருந்துக்குக் கவுனி அரிசியும் நின்றன, நிலம் திரும்பவில்லை.

இரண்டாவது வழி இலங்கை விஷயத்தில். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழகமே கொதித்தது. டெல்லியால் ஒதுங்கி நிற்க முடியவில்லை. 2013 மார்ச்சில் இலங்கைப் போரில் கொல்லப்பட்ட தமிழர்களுக்கு நீதி கேட்டு மாணவர்கள் போராடினார்கள், திமுக மத்திய அரசிலிருந்து விலகியது, ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை.

சரி, ஊர்வலம்தான் பலமா? வேகத்தில் ஆமாம். ஆனால் கூட்டணிக் கணக்கு இல்லாமல் வெறும் கோஷம் டெல்லியை எவ்வளவு அசைத்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான். அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே, அதே கவுன்சிலில், இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.