ஜூரோங் முதல் தாய் செங் வரை: குவாண்டம் சாவிச் சேவை ஒன்றின் மதிப்பீடு

சிங்கப்பூரில் எங்கள் சரக்கு நிறுவனத்தின் ஜூரோங் அலுவலகத்தையும் தாய் செங்கில் உள்ள தரவு நிலையத்தையும் இணைக்கும் தடத்தில், குவாண்டம் சாவிப் பகிர்வுச் சேவை ஒன்றை மூன்று மாதம் சோதித்துப் பார்த்தோம். வழங்கிய நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

விற்பனையாளர்கள் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு: இச்சேவை தரவை மறையாக்கம் செய்வதில்லை. மிக மங்கலான ஒளித்துடிப்புகளை ஒளியிழையில் அனுப்பி, இரு முனைகளிலும் ஒரே ரகசியச் சாவியை உருவாக்குவதோடு அதன் வேலை முடிகிறது. அந்தச் சாவியால் தரவைப் பூட்டுவது ஏஇஎஸ்-256 என்ற வழக்கமான மறையாக்க முறைதான். இடையில் எவரேனும் ஒளித்துகளை அளந்தால் அதன் நிலை குலைந்து பிழை விகிதம் உயரும். 1984இல் பென்னட், பிரசார் என்ற இரு அறிவியலாளர்கள் வகுத்த பிபி84 என்ற சாவிப் பகிர்வு முறையில், அவ்விகிதம் ஏறத்தாழ 11 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தச் சாவியை நம்ப இயலாது.

சாவிகள் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டது மனநிறைவு தந்தது. ஆனால் இரண்டாம் மாதம் சாவி உருவாகும் வேகம் திடீரெனச் சரிந்து எச்சரிக்கை ஒலித்தபோது, எங்கள் கருவி அடுக்கில் ஒளியிழை ஒன்று அளவுக்கு மீறி வளைந்திருந்ததே காரணம் என்று கண்டறிய உதவிப் பிரிவுக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒளி குறைந்ததைக் கருவி சொல்லும். திருடனா பழுதா என்று சொல்லாது.

நல்ல ஒளியிழையிலும் 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒளியே மறுமுனை சேரும். குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்பதால் வழக்கமான பெருக்கிகளும் உதவா. சிங்கப்பூரின் அளவுக்கு இது போதும்; எங்கள் சென்னைக் கிளைக்கு உதவாது.

அதோடு, மறுமுனையில் இருப்பவர் உரியவர்தானா என்பதை உறுதிசெய்யத் தனி ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட எம்எல்-கெம் போன்ற, குவாண்டம் கணினிகளின் தாக்குதலையும் தாங்குமாறு வகுத்த புதிய கணித முறைகளுக்கோ தனி ஒளியிழை தேவையில்லை. மென்பொருளைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் போதும். சென்னைத் தடத்துக்கும் அதுவே பொருந்தும் என்பதால், சோதனைக்குப் பின் அந்த வழியையே தேர்ந்தோம்.

இரண்டு கட்டடங்களுக்கு இடையே பல்லாண்டு காக்க வேண்டிய ரகசியங்களை அனுப்பும் வங்கிகளுக்கு இச்சேவை பொருந்தலாம். அவர்கள் ஒப்பந்தமிடும் முன், குவாண்டம் பெட்டியிலிருந்து மறையாக்கக் கருவிக்குச் சாவி எந்தக் கம்பியில் செல்கிறது என்று கேட்கட்டும். எங்கள் அடுக்கில் அது, குவாண்டம் காவல் எதுவுமில்லாத சாதாரண ஈதர்நெட் கம்பியாகவே இருந்தது.