மாத்திரையா, ஊசியா, லூப்பா: புற்றுநோய்ப் பயத்தோடு ஒரு தெரிவு

சாம்பல்தீவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, மருத்துவமாது கொடுத்த கருத்தடை மாத்திரை அட்டையை இரண்டு மாதமாகப் பிரிக்காமலே சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். "அக்கா, இதைக் குடிச்சா கான்சர் வருமாமே?" என்று என்னிடம் கேட்டாள். எந்தப் புற்றுநோய் என்று பிரித்துக் கேட்டால்தான் அதற்கு விடை சொல்ல முடியும்.

அந்த அட்டையில் இருப்பது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரு ஹோர்மோன்களும் சேர்ந்த கலப்பு மாத்திரை. டென்மார்க்கில் 18 இலட்சம் பெண்களைச் சராசரியாக 10.9 ஆண்டுகள் கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஹோர்மோன் கருத்தடை முறைகளைப் பாவிப்போருக்கு மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 20 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. கேட்டவுடன் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் அதே ஆய்வின் கணக்குப்படி, 7,690 பெண்கள் ஓராண்டு பாவித்தால் மேலதிகமாக ஒருவருக்கே நோய் வருகிறது. ஐந்தாண்டுக்கு மேல் பாவித்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஆபத்தும் கூடுகிறது. நிறுத்தியபின் அது படிப்படியாகத் தணிகிறது. மறுபக்கம், ஒவ்வோர் ஐந்தாண்டுப் பாவனைக்கும் சூலகப் புற்றுநோய் சுமார் 20 வீதம் குறைகிறது, மாத்திரையை விட்டு 30 ஆண்டுகள் சென்றபின்னும் அந்தக் காப்பு ஓரளவு நிற்கிறது. பெரும்பாலும் முற்றியபின்பே வெளித்தெரியும் நோய் அது என்பதால், இந்த நன்மையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

மூன்று மாதத்துக்கொருமுறை போடும் டெப்போ ஊசியிலும் கையில் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் குச்சிகளிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் மார்பகத்துக்குப் பயமில்லை என்று பலர் நம்புகின்றனர். 2023இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வு, புரோஜெஸ்டோஜன் மட்டுமுள்ள முறைகளிலும் ஆபத்து ஏறக்குறைய அதேயளவு கூடுவதைக் காட்டியது.

கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை. அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பழைய கதைக்கு உடலமைப்பில் இடமேயில்லை. மாதவிடாய் அதிகமாகலாம், வயிற்றுவலியும் வரலாம்; ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு ஹோர்மோன் முறை எதுவும் ஆகாது என்பதால், அவளுக்கு நான் லூப்பையே சொல்வேன். தாய்க்கோ சகோதரிக்கோ அந்நோய் இருந்தது என்பதற்காக மட்டும் உலக சுகாதார நிறுவனம் மாத்திரையைத் தடுக்கவில்லை.

தங்கச்சிக்கு 27 வயது. புகைப்பழக்கமோ இரத்த அழுத்தமோ கிடையாது, மூன்றாண்டு கழித்து அடுத்த பிள்ளை வேண்டும் என்கிறாள். அவளுக்கு மாத்திரை பொருந்தும். பிள்ளைப்பேற்றை முடித்துக்கொண்ட அவளுடைய 36 வயது மச்சாளுக்கு லூப்பே மேல். மச்சாள் எந்த முறையை எடுத்தாலும், சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் செய்யும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை இன்னும் செய்யவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. அடுத்த கிளினிக் நாளில் இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.